இரத்மலானை செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலை

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே சற்றுத் தூரத்தில் உள்ளது. இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரி மேரி சப்மன் 1912இல் தெஹிவளையில் தொடங்கியது. பின்பு இரத்மலானைக்கு மாறியது. நிர்வாகம் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபையிடம். ஆசிரியர் சம்பளத்தை அரசு பார்த்துக்கொண்டாலும், விடுதிப் பிள்ளைகளின் சோறும் துணியும் நன்கொடையாளரை நம்பியவை. அந்த நன்கொடையைத் திரட்டுவதே பொறுப்பாளர் சபையாரின் மெய்யான வேலை. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது கொழும்பு வழக்கம். மற்ற நாட்களுக்கும் உலை கொதிக்க வேண்டுமே.

விழிப்புலனற்ற பிள்ளை பிரெய்ல் என்னும் புள்ளி எழுத்தைப் பலகையில் வலமிருந்து இடமாகக் குத்தி எழுதும். தாளைத் திருப்பினால், புடைத்த புள்ளிகளை இடமிருந்து வலமாக விரல் வாசிக்கும். இதே போன்று, தமிழ்ப் பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை 1956இல் கைதடியில் உருவானது.