பெயர் யாருக்குச் சொந்தம்? லிஸ்ப் மேக்ரோக்களின் சுகாதாரக் கதை

1986இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் நான்கு பேர்: யூஜின் கோல்பெக்கர், டேனியல் ஃப்ரீட்மன், மத்தியாஸ் ஃபெலைசன், புரூஸ் டூபா. தலைப்பிலேயே ‘ஹைஜீனிக்’ என்றொரு சொல். மருத்துவமனைச் சுவரிலோ ஹோட்டல் சமையலறையிலோ பார்க்க வேண்டிய சொல்லுக்குக் கணினி மொழியில் என்ன வேலை?

அவர்கள் பேசிய அழுக்கு, பெயர்களில் ஒட்டும் அழுக்கு. ஓரிடத்தில் எழுதிய பெயர் இன்னோரிடத்தில் போய் விழுந்து வேறு எதையோ குறிக்க ஆரம்பித்துவிடுவது. பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் அதைச் சரியாகத் துடைத்து முடிக்க முப்பது வருடம் ஆனது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1958இல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கத் தொடங்கினார். அதில் எல்லாமே அடைப்புக்குறிக்குள் இருக்கும் பட்டியல். இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமா? (கூட்டு 2 3). மூன்று உருப்படி கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். நிரலும் பட்டியல், நிரல் கையாளும் தரவும் பட்டியல். அப்படியானால் ஒரு நிரலை இன்னொரு நிரல் எழுதலாம், இல்லையா? 1963இல் டிமதி ஹார்ட் அதை ஒரு குறிப்பாக எழுதி முன்வைத்தார். லிஸ்ப் மேக்ரோ அங்கிருந்து தொடங்குகிறது. நீங்கள் எழுதியதை, அது ஓடுவதற்கு முன்பே எடுத்து, வேறொரு நிரலாக மாற்றிக் கொடுக்கும் சாதனம் அது. மொழியில் இல்லாத வாக்கிய அமைப்பை, மொழியை உருவாக்கியவரிடம் கெஞ்சாமல் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படிச் சேர்த்தவற்றில் இன்று பலருக்கும் பிடித்தமானது குழாய் மேக்ரோ. லிஸ்பில் அடுக்கடுக்காக வேலை செய்தால் நிரல் உள்ளிருந்து வெளியே போகும்: (எண்ணு (வடிகட்டு (பிரி வரி))). முதலில் நடப்பது கடைசியில் நிற்கிறது. இதையே தமிழில் எப்படிச் சொல்வோம்? ‘வரியைப் பிரித்து, வடிகட்டி, எண்ணு.’ நடக்கும் வரிசையிலேயே சொற்களும் வந்துவிடுகின்றன. நம் வினையெச்சம் இயல்பாகச் செய்வதைத்தான் குழாய் மேக்ரோ லிஸ்புக்குச் செய்து தருகிறது: (குழாய் வரி (பிரி) (வடிகட்டு) (எண்ணு)).

குழாய் என்ற உருவகமும் பழையது. பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964லேயே, தோட்டத்துக் குழாய்களை இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்று எழுதினார். 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட க்ளோஷர் என்ற லிஸ்ப் வழி மொழியில் அம்புக்குறி வடிவில் அது பிரபலமானது.

வெறுமனே வரிசையை மாற்றி அடுக்கும் குழாயில் பெரிய ஆபத்தில்லை. நடுவில் ஏதாவது கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும் குழாய் இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு கட்டத்திலும் வந்த மதிப்பை எங்காவது வைத்து, இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். வைப்பதற்கு ஒரு மாறி வேண்டும். மாறிக்குப் பெயர் வேண்டும். மேக்ரோ எழுதியவர் ‘விடை’ என்று வைத்தார் என்று கொள்வோம்.

இப்போது ஒரு பள்ளிக்காகத் தேர்வு திருத்தும் நிரலை எழுதும் இன்னொருவர் அந்த மேக்ரோவை எடுத்துப் பயன்படுத்துகிறார். மாணவர் எழுதிய பதிலை அவர் வைத்திருக்கும் மாறியின் பெயரும் ‘விடை’. வேறென்ன பெயர் வைப்பார்?

(நிற்கும்-குழாய் வினா-எண் (குறிப்பில்-தேடு) (ஒப்பிடு விடை))

விடைக்குறிப்பில் சரியான பதிலைத் தேடு. கிடைத்தால் அதை மாணவரின் விடையோடு ஒப்பிடு. இதை மேக்ரோ விரித்தால் கிடைப்பது இது:

(வை ((விடை (குறிப்பில்-தேடு வினா-எண்)))
  (எனில் விடை
    (ஒப்பிடு விடை விடை)
    இல்லை))

மூன்றாவது வரியைப் பாருங்கள். முதல் ‘விடை’ மேக்ரோவினுடையது, இரண்டாவது மாணவருடையது. ஆனால் கம்பைலருக்கு இரண்டும் ஒன்றுதான். சரியான பதிலைச் சரியான பதிலோடே ஒப்பிடுகிறது. எல்லோருக்கும் முழு மதிப்பெண்! பிழைச் செய்தி வராது, நிரல் நிற்காது. வெற்றுத்தாள் கொடுத்தவரும் நூற்றுக்கு நூறு. திருத்தும் நிரலை எழுதியவர் தன் நிரலை எத்தனை முறை படித்தாலும் தவறு தெரியாது, ஏனென்றால் தவறு அவர் எழுதிய வரியில் இல்லை.

இதற்குப் பழைய லிஸ்ப்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். யாரும் வைக்காத விசித்திரமான பெயரை வைப்பது. அல்லது ‘ஜென்சிம்’ என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, இதுவரை எங்கும் இல்லாத புதுப்பெயர் ஒன்றை வாங்கிக்கொள்வது. காமன் லிஸ்ப் இன்றும் இந்த வழியில்தான் போகிறது. வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டும். மறந்தால் அடி விழுவது மறந்தவருக்கு இல்லை, நம்பி எடுத்துப் பயன்படுத்தியவருக்கு.

இந்தியானா கட்டுரை அந்தப் பொறுப்பை ஆளிடமிருந்து எடுத்து மொழியிடம் கொடுத்தது. தர்க்கவியலாளர்களுக்கு இந்தப் பெயர்ச் சிக்கல் கணினிக்கு முன்பே தெரியும். 1930களில் அலான்சோ சர்ச் உருவாக்கிய லாம்டா கால்குலஸில், மோதும் பெயரை மாற்றிவைத்துவிட்டுத்தான் ஒன்றை இன்னொன்றுக்குள் பதிலீடு செய்ய வேண்டும். கோல்பெக்கர் குழு அதையே மேக்ரோவுக்குக் கொண்டுவந்தது. விரிக்கும்போது மேக்ரோ உள்ளே நுழைக்கும் ஒவ்வொரு பெயர் மீதும் ஒரு நேர முத்திரை குத்தப்படும். பயனர் எழுதிய ‘விடை’யும் மேக்ரோ கொண்டுவந்த ‘விடை’யும் வேறு வேறு முத்திரையோடு நிற்கும். கடைசியில், ஒரு மாறியை அறிமுகப்படுத்தும் பெயர்களைத் தனித்தனிப் பெயராக மாற்றிவிட்டு, மிச்ச முத்திரைகளை அழித்துவிடலாம். மறுவருடமே கோல்பெக்கரும் மிட்செல் வாண்டும் மேக்ரோவை எழுதும் முறையையே எளிமையாக்கினார்கள்: இந்த வடிவத்தில் வந்தால் அந்த வடிவமாக மாற்று, திரும்பத் திரும்ப வருவதற்கு மூன்று புள்ளி போடு.

கதை அதோடு முடியவில்லை. எதிர்த்திசையிலும் பெயர் மோதும். மேக்ரோ உள்ளுக்குள் ‘எனில்’ என்ற சொல்லை நம்பியிருக்கிறது. லிஸ்ப் குடும்பத்தின் ஸ்கீம் மொழியில் அந்தச் சொல்லையே ஒருவர் தன் மாறிக்குப் பெயராக வைத்துக்கொள்ளலாம். அப்போது மேக்ரோவின் ‘எனில்’ யாருடைய ‘எனில்’? புதுப்பெயர் வாங்கி இதைத் தீர்க்க முடியாது. அது பழைய பொருளையே குறிக்க வேண்டுமே! 1991இல் வில்லியம் கிளிங்கரும் ஜொனதன் ரீஸும் இரண்டு திசையையும் சேர்த்துத் தீர்த்துக் காட்டினார்கள். அவர்கள் கட்டுரையின் தலைப்பு, தமிழில் சொன்னால், ‘வேலை செய்யும் மேக்ரோக்கள்’. அதுவரை இருந்தவை பற்றி என்ன நினைத்தார்கள் என்பது தலைப்பிலேயே தெரிகிறது. அதே வருடம் ஸ்கீமின் அறிக்கையில் பின்னிணைப்பாக இடம்பிடித்த இந்த முறை, 1998இல்தான் மொழியின் உடலுக்குள் வந்தது. பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. ரேக்கெட் மொழிக்காக மேத்யூ ஃப்ளாட், ஒவ்வொரு பெயரும் தான் பிறந்த எல்லைகளின் தொகுப்பைத் தன்னோடு சுமந்து செல்லும் முறையை வெளியிட்டது 2016இல்.

இத்தனை பேர் இத்தனை வருடம் உழைத்துக் காப்பாற்றியது ஒரே ஒரு விதியைத்தான்: ஒரு பெயரின் பொருள் அது எழுதப்பட்ட இடத்தைச் சேர்ந்தது, போய் விழுந்த இடத்தைச் சேர்ந்ததல்ல.

ஆனால் எல்லோரும் இதை ஏற்கவில்லை. 1993இல் வந்த ‘ஆன் லிஸ்ப்’ நூலில் பால் கிரஹாம், மேக்ரோ வேண்டுமென்றே ‘அது’ என்றொரு பெயரைப் பயனரின் நிரலுக்குள் நழுவவிடுவதை ஓர் உத்தியாகவே கற்றுக்கொடுத்தார். பேச்சில் ‘அது’ என்றால் சற்றுமுன் சொன்னது என்று நமக்குப் புரிகிறதே, அதுபோல. க்ளோஷர் நடுவழியில் நின்றது: மேக்ரோ பயனரின் பெயரைத் தெரியாமல் மறைக்கப் பார்த்தால் பெரும்பாலும் கம்பைலரே மறுத்துவிடும்; தெரிந்தே செய்ய வழி உண்டு.

குழாய்க்கு இந்த ‘அது’ மிகவும் தேவை. வந்த மதிப்பை அடுத்த ஃபங்ஷனில் எந்த இடத்தில் வைப்பது? க்ளோஷர் முதலிடத்துக்கு ஓர் அம்பு, கடைசி இடத்துக்கு இன்னோர் அம்பு என்று வைத்தது. 2013இல் பயனரே பெயர் சூட்டும் மூன்றாவது வடிவத்தையும் சேர்த்தது. ஸ்கீம் சமூகம் 2020இல் எஸ்ஆர்எஃப்ஐ 197 என்ற முன்மொழிவில் வேறு வழி எடுத்தது: மதிப்பு வர வேண்டிய இடத்தில் பயனர் ஓர் அண்டர்ஸ்கோர் போடுவார்.

(குழாய் வினா-எண் (குறிப்பில்-தேடு _) (ஒப்பிடு விடை _))

பார்க்க கிரஹாமின் ‘அது’ போலவே இருக்கிறது. வித்தியாசம் யார் எழுதினார்கள் என்பதில். அண்டர்ஸ்கோரை மேக்ரோ நழுவவிடவில்லை, பயனர் தன் கையால் போட்டிருக்கிறார். மேக்ரோ அதை அடையாளம் கண்டு மதிப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். அந்தக் குறி பிடிக்கவில்லையா, வேறு குறியைப் பயனரே சொல்லலாம். சுகாதார விதி ‘அது’ என்ற வசதியைத் தடை செய்யவில்லை. கேட்டு வாங்கச் சொன்னது.

முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை, அதன் வயிற்றைக் கிழித்துப் பார்க்காமல், நம் நிரலுக்குள் எடுத்து வைக்கிறோம். உள்ளே அவர் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. நாம் வைக்கப்போகும் பெயர் அவருக்கும் தெரிய வாய்ப்பில்லை. இருவரும் ‘விடை’ என்றே எழுதினாலும், வெற்றுத்தாள் கொடுத்த மாணவருக்குப் பூஜ்யம்தான் வர வேண்டும். 1986இல் அந்த நான்கு பேர் சுகாதாரம் என்று சொன்னது இதைத்தான்.