தானியங்கிக் கேமரா (காட்டுயிர் ஆய்வு)

ஆளில்லாத நேரத்தில் விலங்குகளைப் படமெடுக்க, காட்டு மரங்களில் கட்டிவைக்கப்படும் கருவி. வனத்துறையினர் ‘கேமரா டிராப்’ என்பர். உடல் வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து இயங்குவது.

இதை முதலில் கையாண்டவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1890களில் அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் செய்த முயற்சிகளே பெரும்பாலும் தொடக்கமாகச் சுட்டப்படுகின்றன. இந்தியாவில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில், காலில் கம்பி தட்டியதும் ஒளி தெறிக்கும்படி அமைத்துப் புலிகளைப் படமெடுத்தார். பின்னர் நெடுங்காலம் புலிக் கணக்கெடுப்பு காலடித் தடத்தை நம்பியே நடந்தது.

1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளெக் காட்டில் உயிரியலாளர் உல்லாஸ் கரந்த், கேமராவில் பதிந்த புலியின் வரிகளைக் கொண்டு தனிப்புலிகளை அடையாளம் கண்டார். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இராது; அதன் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறு வேறு. ஆகவே காட்டுப் பாதையின் இருபுறமும், ஏறத்தாழ முழங்கால் உயரத்தில், இரண்டு கேமராக்கள் கட்டப்படுகின்றன. ஏட்டில் புலிகள் இருந்த ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் 2005இல் ஒன்றுகூட இல்லை எனத் தெரிந்தபின், தடக் கணக்கு கைவிடப்பட்டது. 2018-19 அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல், அவற்றில் புலிப் படங்கள் 76,651. படம் கிடைக்காத பகுதிகளுக்கான மதிப்பீட்டு முறை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், களக்காடு முண்டந்துறையில், ஆய்வாளர் திவ்யா முத்தப்பா சிறு ஊனுண்ணிகளைத் தேடிக் கேமரா வைத்தார். அவரது குறிப்பு 1998இல் வெளிவந்தது. அது பிலிம் சுருள் காலம். சுருள் தீர்ந்தால் மழைக்காட்டுக்குள் நடந்துபோய் மாற்ற வேண்டும். அவர் விரிவாக ஆராய்ந்த பழுப்பு மரநாய் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது: பகலில் மரக்கிளையிலோ பொந்திலோ உறங்கும், இரவில் பழம் தின்று விதை பரப்பும். புலியின் புகழில் மறைந்துபோகும் இத்தகைய உயிர்களுக்கும் இக்கருவி சாட்சி சொல்வது தனிச்சிறப்பு.

அண்மைக் காலம்: 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. தமிழகப் புலிகளின் மதிப்பீடு 2006இல் 76, 2022இல் 306. வேட்டைக்காரர் நடமாட்டத்தை அறியவும் கேமராக்கள் உதவுகின்றன.

மலையடிவாரத்தில் மரத்தில் கட்டிய இப்பெட்டியைக் காண்போர் தொடாமல் விட வேண்டும். ஒன்றைக் கழற்றினாலும் அவ்விடத்துப் பதிவு அற்றுப்போகும்.