நாவலர் பள்ளியும் நம் பிள்ளைகளின் சமயக் கல்வியும்

போடிமெட்டின் வளைவுகளை ஏறிக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கங்களில் ஏலத்தோட்டங்களை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடுமிடமெல்லாம் ஒரு குறை பேசப்படுகின்றது. உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் கணிதமும் அறிவியலும் நன்கு கற்கின்றனர். ஆயினும் தேவாரம் பாடிய மூவர் யாவர் என்றால் விழிக்கின்றனர் என்பதே அது. கிறித்தவப் பெற்றோரும் முஸ்லிம் பெற்றோரும் தத்தம் பிள்ளைகளைப் பற்றி இவ்வாறே கவலுதல் உண்டு. பள்ளியிலேயே சமயம் கற்பித்தால் என்ன என்று கேட்பார்க்கு விடை கூறுமுன், யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை எண்ணிப் பார்த்தல் தகும்.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி ஆங்கிலம், கணிதம், வானநூல், தமிழ் ஆகியவற்றைத் திறம்படக் கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரும், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து அழியாமற் காத்தவருமான சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குப் பயின்றவரே. அந்நன்றியை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும் அக்கல்வியோடு விவிலியப் பாடமும் பிரிக்கவொண்ணாது பிணைந்திருந்தது. கல்வி வேண்டுவோர் அதனையும் ஏற்றே ஆகவேண்டும்.

இந்நிலையில் தோன்றியவர் ஆறுமுக நாவலர். 1822இல் நல்லூரிற் பிறந்த அவர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் துணைநின்றார். எதிர்த்து நிற்கப்போகும் தரப்பினரிடமே பள்ளி நடத்தும் முறையையும் அச்சிடும் பயனையும் அவர் கற்றுக்கொண்டது வியப்பன்று. அறிவுடையோர் கற்பன எவரிடமும் கற்பர். 1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சமயச் சொற்பொழிவைத் தொடங்கினார். 1848இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864இல் சிதம்பரத்திலும் அப்பெயரிலேயே ஒரு பள்ளி எழுந்தது.

பள்ளிக்கு நூல் வேண்டுமே! பாலபாடம் எழுதினார், சைவ வினாவிடை எழுதினார், பெரியபுராணத்தை உரைநடையாக்கி 1852இல் வெளியிட்டார். வினாவும் விடையுமாகச் சமயம் கற்பிக்கும் முறை மிஷனரிமார் கையாண்டது. அதனை அவர் சைவத்துக்கு உரியதாக்கிக் கொண்டார். இம்முயற்சியால் விளைந்த பெரும் பயன் யாது? சமயம் என்பது கோயிலிற் காண்பதும் பாட்டி சொல்லக் கேட்பதுமாக நின்றுவிடாமல், சிறுவனொருவன் தானே எழுத்துக்கூட்டிப் படித்து, பொருள் வினவி, விடை கூறத்தக்க கல்வியாயிற்று. அதனோடு தெளிந்த தமிழ் உரைநடையும் நமக்கு வாய்த்தது. சமயக் கல்வியின் மதிப்பு இங்கேதான் உள்ளது என்பது என் கருத்து.

குறையையும் கூறல் வேண்டும். நாவலர் சாதியாசாரத்தைப் பேணியவர். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் சைவக் கல்வியின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. அவர் 1872இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியும் நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் 1879இல் அவர் மறைந்தபின் வித்து முளைத்தது. 1888இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கெனக் கல்லூரி கண்டார். இலங்கையில் பிற்காலத்தே அவரவர் சமயத்தை அவரவர்க்குக் கற்பிப்பதும், அதனைத் தேர்வுப் பாடமாக்குவதும் பள்ளி மரபாயின.

இந்தியா வேறு வழியை மேற்கொண்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முற்றிலும் அரசுப் பணத்தால் நடைபெறும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கின்றது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பிற பள்ளிகளிலும், மாணவன் சிறுவனாயின் பெற்றோர் இசைவின்றி அதில் அவனைப் பங்குகொள்ளச் செய்தல் ஆகாது. நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளி நேரத்துக்குப் புறம்பே, விரும்பும் மாணவர்க்கு மட்டும், பெற்றோரும் நிருவாகமும் இசைந்தால் சமயம் கற்பிக்கலாம் என்று பரிந்துரைத்தது. பல சமயங்களைப் பற்றிய அறிவைப் பாடத்திற் சேர்ப்பது அரசியலமைப்புக்கு முரணன்று என 2002இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஒரு சமயத்தைப் புகட்டுதல் வேறு, சமயங்களை அறிவித்தல் வேறு என்னும் நுண்மையை நம்மவர் பலர் கருதுவதில்லை.

இத்தடையைச் சிலர் சமயத்துக்குப் பகையென்று வெகுள்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. நாவலரைத் தனிப்பள்ளி காணத் தூண்டியது, தன் சமயமல்லாத சமயம் சிறுவன்மீது சுமத்தப்படும் நிலையன்றோ? தமக்கு வேண்டாத கட்டாயத்தைப் பிறர் பிள்ளைமீது ஏற்ற நினைப்போர் அவ்வரலாற்றைப் பாதியே படித்தவராவர். மலைமேல் ஒரே வரிசை வீடுகளில் முருகனை வழிபடுவாரும், மாதா கோயிலுக்குச் செல்வாரும், தொழுகைக்குச் செல்வாரும் கலந்து வாழ்கின்றோம். பள்ளி வகுப்பிலும் நம் பிள்ளைகள் அவ்வாறே கலந்திருக்கின்றனர்.

ஆகவே இக்கடமை பள்ளியினுடையதன்று; வீட்டினுடையதும் சங்கத்தினுடையதும் ஆகும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், தமிழில், எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயில்வோர்க்கு வகுப்பு நடத்தலாம். அவரவர் சமயத்தைத் தனித்தனியே அச்சமயத்தார் கற்பிக்க, மாதம் ஒருமுறை எல்லாரும் ஒருங்கிருந்து பிறர் சமய வரலாற்றைக் கேட்கலாம். பெற்றோர் எழுதிக் கொடுத்த இசைவின்றி எவரையும் சேர்த்தல் கூடாது. மனப்பாடத்துக்குப் பரிசு தருவதிலும், நல்ல வினா எழுப்பும் பிள்ளைக்குப் பரிசு தருவதை யான் விரும்புவேன். கற்பிக்க முன்வருவோர் இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்திலேயே செயற்குழுவிடம் தம் பெயரைத் தெரிவித்தல் நலம்.