வில்லும் தோழமையும்

வில் என்ற சொல் செவியில் விழுந்ததும் நம்மில் பெரும்பாலோர்க்குப் போர்க்களமே நினைவில் எழுகிறது. உஹதுக் களத்தின் சிறு குன்றில் நிறுத்தப்பெற்ற ஐம்பது வில்லாளிகளின் வரலாறு மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. சொல்லப்பட வேண்டியதே. ஆயினும் பகைவரை எதிர்கொள்வதற்காக அன்றி, தம்முள் தாமே இரு கட்சியாய்ப் பிரிந்து தோழமையோடு அம்பெய்து விளையாடிய முஸ்லிம்களின் வரலாறு அதனினும் நீண்டது. அதனைப் பேசுவோர் குறைவு. ஈண்டு அதனையே சிறிது நோக்குவோம்.

புதுக்கோட்டைச் சீமையில் வில்லைவிடப் பேர்பெற்ற படைக்கலம் வளரி. பிறைபோல் வளைந்து, எறிந்தால் சுழன்று சென்று தாக்கும் அது. புதுக்கோட்டை அரசின் ஆயுதசாலையிலே வளரிகள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. துப்பாக்கி வந்தது, வளரி மறைந்தது. இன்று அது பெரிதும் அருங்காட்சியகப் பொருளே. வில்லுக்கும் அதே கதி நேர்ந்திருக்க வேண்டும். நேரவில்லை. போர்த்தொழிலை இழந்த பின்னரும் விளையாட்டாக அது பிழைத்துக்கொண்டது. அவ்விளையாட்டுக்கு முறையும் வரம்பும் வகுத்துத் தந்தவர்களுள் முதன்மையான ஒருவர், மீமிசல் தொடங்கிக் காயல் வரை நம் கடற்கரையூர்களில் எண்ணற்றோர் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இமாமவர்களுக்கு முன்னே மதீனத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்க, புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. அஸ்லம் கூட்டத்தார் சிலர் போட்டியிட்டு அம்பெய்துகொண்டிருந்த இடத்தைக் கடந்து சென்ற பெருமானார் (ஸல்) அவர்கள், இஸ்மாயீலின் மக்களே எய்யுங்கள், உங்கள் தந்தையும் வில்லாளியே என ஊக்கி, தாம் இன்ன கட்சியாரோடு இருப்பதாகவும் கூறினார்கள். உடனே எதிர்க்கட்சியார் கையை நிறுத்திவிட்டனர். ஏன் எய்யவில்லை என்று வினவப்பட்டபோது, தாங்கள் அவர்களோடு இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வோம் என்றார்கள். அப்படியானால் தாம் இரு சாராருடனும் இருப்பதாக நாயகம் (ஸல்) அருளவே, ஆட்டம் தொடர்ந்தது. இதில் யார் வென்றார் என்ற செய்தி இல்லை. அறிவித்தவர்க்கு அது பொருட்டாகப் படவில்லை போலும்!

மிஸ்ரில் ஆளுநராயிருந்த உக்பா இப்னு ஆமிர் (ரலி) முதுமையிலும் வில்லைக் கைவிடவில்லை. அக்காலத்தில் எதிரெதிராக இரண்டு இலக்குகள் நாட்டி, ஒன்றை நோக்கி எய்தபின் நடந்து சென்று அம்புகளைப் பொறுக்கி, அங்கிருந்து மற்றதை நோக்கி எய்வது வழக்கம். இத்தள்ளாத வயதில் இவ்விரு இலக்குகளுக்கிடையே நடந்து துன்புறுவதேன் என்று ஒருவர் கேட்டார். அம்பெய்யக் கற்றபின் அதனைக் கைவிட்டவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்னும் நபிமொழியை அவர்கள் மறுமொழியாகத் தந்ததை முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம்.

இனி இமாம் ஷாஃபிஈ அவர்களிடம் வருவோம். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பிறந்து மக்காவில் வளர்ந்த அப்பெருமகனாருக்கு இளமையில் இரண்டே நாட்டங்கள்: ஒன்று கல்வி, மற்றொன்று வில். பத்து அம்புகள் எய்தால் பத்தும் இலக்கில் தைக்குமளவு தேர்ந்திருந்ததாக அவர்களே கூறியுள்ளார்கள். வெயிலில் நெடுநேரம் நின்று எய்தமையால் காசநோய் வரக்கூடுமென மருத்துவர் ஒருவர் அஞ்சி எச்சரித்தாராம். கைப்பழக்கம் உடையவர் எழுதும் சட்டம் வேறுவிதமாகத்தான் இருக்கும். பந்தயமும் அம்பெய்தலும் பற்றிய பகுதியை இவர்களுக்கு முன் எவரும் இவ்வாறு தொகுத்ததில்லை என்று இவர்களின் மாணவர் முஸனீ (ரஹ்) குறித்துள்ளார்.

அச்சட்டங்களைப் படிக்குங்கால் திடலில் நிற்பது போன்றே தோன்றுகிறது. எத்தனை அம்பு, எத்தனை தைக்க வேண்டும், எவ்வளவு தூரம் என்பனவற்றை முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். எய்யும்போது நாண் அறுந்தாலோ, வில் முறிந்தாலோ, குறுக்கே விலங்கு ஓடினாலோ அந்த அம்பு தோல்விக் கணக்கில் சேராது, மீண்டும் எய்யலாம். கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் மின்ஹாஜில் கட்சி பிரிப்பதைப் பற்றியும் கூறுகிறார்கள். தலைவர் இருவர் நின்று தத்தம் ஆட்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும், சீட்டுக் குலுக்கலாகாது. குலுக்கினால் தேர்ந்தவரெல்லாம் ஒரு பக்கம் போய்விடக் கூடுமன்றோ? நம்மூர்ப் பிள்ளைகள் கபடிக்கு ஆள் பிரிப்பதை நினைத்துக்கொள்க. அயலூரான் ஒருவனை வில்லாளி என நம்பிச் சேர்த்து, அவனுக்கு எய்யவே தெரியாதென வெளிப்பட்டால்? அவன் விலகுவான், எதிர்க்கட்சியிலும் ஒருவர் குறைக்கப்படுவார்.

பணத்தைப் பற்றிய வரம்பே இவற்றுள் இன்றியமையாதது. ஆட்சியாளரோ வேறொருவரோ பரிசளிக்கலாம். ஆடுவோருள் ஒருவர் மட்டும் பரிசுப்பொருள் வைக்கலாம். இருவரும் வைத்து, வென்றவர் இரண்டையும் அள்ளுவதென்றால் அது சூது. தாம் எதுவும் வைக்காமல், ஆற்றலில் அவர்களுக்கு நிகராய், வென்றால் பெறும் உரிமையோடு மூன்றாமவர் ஒருவர் கலந்துகொண்டாலன்றி அது கூடாது. இவ்வரம்பு இல்லாவிடில் என்னாகும் என்பதை நம் நாட்டிலேயே காணலாம். மேகாலயத்தின் ஷில்லாங் நகரில் காசி இனத்தாரின் வில்வித்தைக் கழகங்கள் தொன்மையான மரபுடையவை. அங்கே பிற்பகல் வேளையில் கழகத்தார் எய்ய, இலக்கில் தைத்த அம்புகள் எண்ணப்படுகின்றன. அத்தொகையின் கடைசி இரண்டு எண்களின்மேல் ஊரார் பந்தயம் கட்டுகின்றனர். 1982இல் மாநிலச் சட்டமும் இதற்கு இடமளித்தது. வில்லாளியின் திறமையில் நாம் குறை காணவில்லை. ஆனால் பணம் கட்டுவோருக்கு எய்தவர் யாரென்பதும் வேண்டியதில்லை, எண் ஒன்றே போதும். விளையாட்டு அங்கே சீட்டுக் குலுக்கலாகிவிட்டது.

துருக்கியர் வழி வேறு. 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, வில்லுக்கென்றே ஒக்மைதான் என்னும் திடலை ஒதுக்கினார். அங்கே வில்லாளிகளுக்கு ஒரு தக்கியா இருந்தது. ஒளூவுடன் திடலில் இறங்குவர். அம்பை விடும்போது இறைநாமம் கூறுவர். சாதனை படைத்த அம்பு வீழ்ந்த இடத்தில் கல் நாட்டுவர். தொள்ளாயிரம் கெஸ், அதாவது ஏறத்தாழ 594 மீட்டர் தூரம் எய்தவரே முழு வில்லாளியாக ஏற்கப்பெற்றார். பீரங்கியும் துப்பாக்கியும் போரை நடத்திய நூற்றாண்டுகளிலும் இக்கலை குன்றவில்லை. இம்மரபை 2019இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அக்கலை ஒருமுறை லண்டன் மாநகரத்துக்கும் சென்றது. 1793இல் உதுமானிய அரசு அங்கே தன் முதல் நிலையான தூதரகத்தை அமைத்து, யூசுஃப் ஆகா எஃபெந்தியைத் தூதராக அனுப்பியது. லண்டனிலே 1781இல் சர் ஆஷ்டன் லீவர் தோற்றுவித்த டாக்ஸோஃபிலைட் வில்லாளர் கழகம் அப்போது புகழுடன் விளங்கிற்று. ஆங்கிலேயருக்கும் வில் அதற்குள் பொழுதுபோக்காக மாறியிருந்தது. 1794-95ஆம் ஆண்டளவில், பெட்ஃபோர்டு மாளிகைக்குப் பின்னிருந்த திடலில், அக்கழகத்தார் முன்னிலையில் தூதரகச் செயலாளர் மஹ்மூத் எஃபெந்தி வில்லெடுத்தார். மரமும் கொம்பும் நரம்பும் ஒட்டிச் செய்த சிறிய துருக்கி வில் அது. காற்றுக்கு எதிராக எய்த அம்பு 415 கஜம் சென்றது. காற்றோடு எய்தது 482 கஜம், அதாவது 440 மீட்டர். அளந்து பார்த்த ஆங்கிலேயர் வியந்தனர். அவரோ, தம் நாட்டில் தம்மினும் வல்லார் உண்டென அடக்கத்தோடு சொன்னாராம். அவர் எய்த அந்த வில் லண்டன் கழகத்தாரிடமே தங்கிவிட்டது. தங்கள் இல்லத்தில் அவர்கள் அதனை நெடுங்காலம் பேணி வைத்திருந்தார்கள்.