கட்புல எழுத்தும் கணிப்பொறி எழுத்தும்: ஆவணமொழி வரலாற்றில் குறியேற்றத் தரங்கள்

இந்தியச் சட்டங்களில் 'எழுத்து' எனப்படுவது யாது என்னும் வினாவிற்கு, ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் எனப்படும் 1897ஆம் ஆண்டுப் பொதுப்பிரிவுகள் சட்டம் ஒரு விடை தந்தது. அச்சு, கல்லச்சு, நிழற்படம் ஆகியவற்றோடு, சொற்களைக் கண்ணாற் காணத்தக்க வடிவில் காட்டும் பிற முறைகளும் எழுத்தில் அடங்கும் என்பது அதன் கருத்து. கட்புலனாதலே அங்கு எழுத்தின் இலக்கணம். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இவ்விலக்கணத்தை இடம்பெயர்த்தது. எழுத்தில் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் கூறும் செய்தி மின்னணு வடிவில் இருப்பினும் போதும். ஆயின் அது பின்னர் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் அணுகத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்றது. இவ்விரண்டாம் நிபந்தனை மொழியியலார் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆங்கில ஆவணத்திற்கு அது பெரிய தடையன்று. தமிழ் ஆவணத்தை அணுகுதலோ, அது எந்தக் குறியேற்றத்தில் தட்டெழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஆட்சிமொழிக் கொள்கையின் ஒரு பகுதி இவ்வாறு குறியேற்ற அட்டவணைக்குள் சென்று சேர்ந்தது. அவ்வட்டவணையை வகுத்தோர் சட்டமன்றத்தார் அல்லர்.

நடுவண் அரசின் மின்னணுவியல் துறை 1983இல் இந்திய எழுத்துகளுக்கான பொதுக் குறியேற்றம் ஒன்றை வெளியிட்டு, 1988இல் அதனைத் திருத்தியது. இந்தியத் தர நிறுவனம் 1991இல் ஐ.எஸ். 13194 என்னும் எண்ணில் அதனை ஏற்றது. 'இஸ்கி' என வழங்கும் இத்தரம், பிராமியிலிருந்து கிளைத்த முதன்மையான இந்திய எழுத்துமுறைகளுக்கு ஒரே அட்டவணையை அமைத்தது. ககரத்திற்கு எம்மொழியாயினும் ஒரே எண். ஒரு பெயர்ப்பட்டியலை ஒரு மொழியில் உள்ளிட்டுப் பிற எழுத்துகளிலும் அச்சிடலாம் என்பது பன்மொழி நாட்டின் நிருவாகத்திற்கு எத்துணைக் கவர்ச்சியுடையது என்பதை எளிதில் உணரலாம். தமிழில் உள்ளிட்ட 'கோபால்' நாகரிக்குச் செல்கையில் முதலெழுத்தின் ஒலிப்பை இழந்தே செல்வார் என்பது வேறு செய்தி. பாரசீக-அரபு எழுத்தில் அமைந்த உருதுவிற்கு இவ்வட்டவணையில் இடமில்லை.

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பு, இந்திய எழுத்துகளுக்கு 1988ஆம் ஆண்டு இஸ்கியையே அடிப்படையாகக் கொண்டது. அதனால் தமிழ்ப் பகுதியில், தமிழில் இல்லாத எழுத்துகளுக்குரிய இடங்கள் வெற்றிடங்களாயின. அகர உயிர்மெய்யோடு புள்ளியைச் சேர்த்தே மெய்யெழுத்துப் பெறப்படுகிறது. இது தமிழிலக்கணத்திற்கு மாறானது எனப் பலர் வாதிட்டனர். அவ்வாதம் முழுதும் பொருந்துவதன்று. புள்ளி பெறுதலை மெய்யின் இயல்பாகவும், புள்ளி நீங்குதலை அகர உயிர்மெய்யின் வடிவாகவும் தொல்காப்பியரே கொண்டார். ஒலியியல் நிலையில் மெய் முதன்மையானது என்பதும், வரிவடிவ நிலையில் புள்ளி மிகையானது என்பதும் ஒன்றோடொன்று முரணா. ஆனால் ஆய்தத்தின் நிலை வேறு. குற்றெழுத்திற்கும் வல்லின உயிர்மெய்க்கும் இடையே வரும் அச்சார்பெழுத்து, பொது அட்டவணையின் விசர்க்க இடத்தில் அமர்த்தப்பட்டு, 'தமிழ் விசர்க்கக் குறி' என்றே பெயர் பெற்றது. புள்ளிக்குப் பெயர் 'விராமம்'. ஏற்றுக்கொண்ட குறியின் பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் நிலைப்புக் கொள்கை. ஆகவே இப்பெயர்கள் இனி மாறா. உயிர்மெய்களின் இடம் பற்றி எழுந்த பூசலில் நூறில் ஒரு பங்குகூட இதன்மேல் எழவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

தமிழ்நாட்டின் பாதை சற்று வேறானது. 1999 பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட் 99' மாநாட்டையொட்டி, டேம், டேப் என்னும் குறியேற்றங்களையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் மாநில அரசு ஏற்றது. அவை எழுத்தின் வடிவங்களுக்கு எண் தந்தவை. 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் இறுதியிலும் பதிவாகும். யூனிகோடிலோ ககரத்தின் பின்னரே ஒகரக்குறி. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்புகள் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. 2010 சூன் திங்களில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி வெளிவந்த அரசாணை யூனிகோடைத் தரமாகவும், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் 'டேஸ்16' குறியேற்றத்தை மாற்றுத்தரமாகவும் அறிவித்தது. பின்னது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைவதால், கொடுப்போரும் கொள்வோரும் முன்னரே உடன்பட்டாலன்றிப் பரிமாற்றம் நிகழாது.

இதற்கிடையே 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அமைப்புகள் தம் ஆவணங்களைப் பட்டியலிட்டுச் சுட்டடைவு செய்து வைத்தல் வேண்டும் என்றும், தகவலைப் பரப்புகையில் வட்டார மொழியைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும் என்றும் விதித்தது. பழைய கோப்புகளை உருமாற்றும் பணி, ஆதலால், வெறும் எண்மாற்றமன்று. ஔகாரத்தின் இறுதிக் குறியும் ளகரமும் ஒரே வடிவின. 'கௌரி' என்னும் பெயரைக் ககரத்தோடு ஔகாரக் குறியிட்டும் எழுதலாம். 'கெ', 'ள', 'ரி' என மூன்றெழுத்தாகவும் தட்டெழுதலாம். அச்சிட்ட தாளில் இரண்டும் ஒன்றே. 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்விரண்டிற்கும் வேறுபாடில்லை. பதிவேட்டில் ஒருவகையாகவும் விண்ணப்பத்தில் மற்றொருவகையாகவும் அப்பெயர் இருப்பின், நேர்ப்பொருத்தம் பார்க்கும் தேடலில் அவ்வம்மையார் அகப்படுவதில்லை.