பங்காளியின் கப்பல்

'கார்கோ கல்ட்' என்பது மெலனேசியர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பேரில்லை. 1945இல் 'பசிபிக் ஐலண்ட்ஸ் மன்த்லி' இதழில் ஒரு வெள்ளைக் குடியேறி எழுதி அச்சேறியது. கப்பல் சரக்குக்காக வானம் பார்த்து நிற்கும் அப்பாவிகள் என்கிற கதையாடல் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

நியூகினியின் மடாங் கரையோரத் தொன்மம் ஒன்றை பீட்டர் லாரன்ஸ் 1964இல் வெளியான நூலில் பதிவுசெய்கிறார். கிலிபோப், மானுப் என்று அண்ணன் தம்பி. சண்டை போட்டுப் பிரிகிறார்கள். காலனியம் வந்தபின் இந்தப் பழங்கதைக்குள் கப்பலும் துப்பாக்கியும் ஏறிக்கொள்கின்றன. வெள்ளையன் பிரிந்துபோன சகோதரனின் வழிவந்தவனாகிறான். நம்ம பாஷையில் பங்காளி. நான் இதை இப்படித்தான் வாசிக்கிறேன்: பங்காளியிடம் இருப்பதை யாரும் யாசிப்பதில்லை, பங்கு கேட்பார்கள்.

டன்னா தீவில் ஜான் ஃப்ரம் பேரைச் சொல்லி மக்கள் மிஷன் தேவாலயங்களைக் காலிசெய்தது 1941இல். மிஷன் தடுத்திருந்த காவா பானத்துக்கும் நடனத்துக்கும் திரும்பினார்கள். அமெரிக்கப் படைகள் அந்தத் தீவுக்கூட்டத்தில் இறங்கியதோ 1942இல். சாமானைப் பார்த்து மயங்கினார்கள் என்றால் கணக்கு உதைக்கிறதே?

நிர்வாகத்துக்கு விஷயம் புரிந்துதான் இருந்தது. தலைவர்களைப் பிடித்து போர்ட் விலா சிறைக்கு அனுப்பியது. வெறும் அப்பாவிகளை எந்த அரசும் சிறையில் போடுவதில்லை.