கண்டேன் என்று கையெழுத்திடுபவர்

கலிஃபோர்னியாவின் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் 18949.25 என்ற எண்ணில் தொடங்கிச் சில பிரிவுகள் இருக்கின்றன. ஒருவர் அங்கே ஊராட்சியின் கட்டட ஆய்வாளர் ஆவது எப்படி என்பதற்கு மூலம் இவைதான். 1995-இல் இயற்றியவை. அளவில் சின்னவை, ஒரு டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். நான் முதல்முறை அப்படித்தான் படித்தேன், ஒன்றும் புரியவில்லை. என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் எங்கேயும் சொல்வதில்லை. பாடத்திட்டமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பிறகு, பழைய உரைகாரர்கள் நூற்பாவைப் பிரிப்பதுபோலச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஏதோ பிடிபட்டது. சட்ட வாசகத்தை அப்படியே பெயர்க்கவில்லை. பொருளைச் சுருக்கி மேலே வைத்து, கீழே உரை சொல்கிறேன்.

*ஊராட்சியால் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ அமர்த்தப்பட்டு, கட்டமைப்பு, நிலநடுக்கம், தீ, உயிர்ப் பாதுகாப்பு, கட்டட உள்ளமைப்புகள் ஆகியவற்றில் விதி நிறைவேறியதா என்று கட்டுமானத்தை ஆய்பவர் கட்டுமான ஆய்வாளர்.*

‘தற்காலிகமாகவோ’ என்றது, ஒப்பந்தத்தில் வருபவரையும் உள்ளே இழுக்க. சிறிய ஊர்கள் சொந்தமாக ஆய்வாளர் வைத்துக்கொள்ளாமல் தனியார் நிறுவனத்திடம் இந்த வேலையை விடுவது அங்கே வழக்கம். சம்பளம் எந்தக் கையால் வந்தாலும் சட்டம் ஒன்று.

‘நிலநடுக்கம்’ என்பதைக் ‘கட்டமைப்பு’ என்ற சொல்லிலேயே அடக்கியிருக்கலாம். தனியாக எடுத்துச் சொன்னது காரணமில்லாமல் இல்லை என்று நினைக்கிறேன். சட்டம் வந்ததற்கு முந்தைய ஆண்டு, 1994 ஜனவரி 17 விடியற்காலை, லாஸ் ஏஞ்சலஸ் அருகே நார்த்ரிட்ஜில் 6.7 அளவில் பூமி குலுங்கியது. மூன்று மாடி அடுக்ககம் ஒன்று தன் கீழ்த்தளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. அங்கே மட்டும் 16 பேர் இறந்தார்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாததையும் கவனிக்க வேண்டும். பெயின்ட் சீராக இருக்கிறதா, டைல்ஸ் கோணலா, கதவு அழகாகச் சாத்துகிறதா என்பதெல்லாம் இவர் வேலை இல்லை. வீடு வாங்குபவருக்காகக் காசு வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தரும் ‘ஹோம் இன்ஸ்பெக்டர்’ வேறு ஆள். அவருக்கு அந்த மாநிலத்தில் உரிமம் என்றே ஒன்று கிடையாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர்.

*உரிய துறையில் சரிபார்க்கத்தக்க ஓராண்டு அனுபவம் முடித்து, அதன்பின் ஓராண்டுக்குள், ஊராட்சி ஏற்கும் மாநில, தேசிய அல்லது பன்னாட்டுச் சங்கம் ஒன்றிடம் சான்று பெற வேண்டும். சான்றின் துறை அவர் செய்யும் முதன்மை வேலைக்கு நெருங்கியதாக இருக்க வேண்டும்.*

இந்தப் பிரிவுதான் நூலின் கரு.

முதலில் வரிசை. நமக்குப் பழகிய முறையில் பரீட்சை முன்னால், வேலை பின்னால். இங்கே அனுபவம் முன்னால், சான்று பின்னால். அஸ்திவாரக் குழியில் கம்பி கட்டியிருப்பதை, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் குனிந்து பார்த்தவருக்குத்தான் புத்தகத்தில் அந்தப் பக்கம் எதற்காக இருக்கிறது என்பது விளங்கும் என்று சட்டம் நம்புகிறது போலும்.

‘சரிபார்க்கத்தக்க’: பத்து வருடம் தச்சு வேலை பார்த்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. இன்னொருவர் விசாரித்தால் ஆமாம் என்று சொல்ல ஆளோ, காட்ட ஏடோ இருக்க வேண்டும். இந்த ஒரு சொல்லை இங்கேயே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘சங்கம் ஒன்றிடம்’: இதுதான் வெளியார் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். லைசென்ஸ் லைசென்ஸ் என்கிறோமே தவிர, இங்கே மாநிலம் எதையும் வழங்குவதில்லை. ஃபுளோரிடாவில் இதற்கென்று மாநில வாரியமே உண்டு. கலிஃபோர்னியா சங்கங்களிடம் விட்டுவிட்டு, எந்தச் சங்கம் என்பதையும் ஊராட்சியிடம் தள்ளிவிட்டது. நடைமுறையில் பெரும்பாலும் வந்து நிற்பது இன்டர்நேஷனல் கோடு கவுன்சில். அமெரிக்காவின் மூன்று வட்டாரச் சங்கங்கள் சேர்ந்து 1994-இல் உருவாக்கியது. மாதிரிக் கட்டட விதிகளை எழுதுவதும் அதே அமைப்பு, ஆய்வாளருக்குப் பரீட்சை வைப்பதும் அதே அமைப்பு. நூலாசிரியரே தேர்வாளர். வசதிதான், ஆனால் எனக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல் உண்டு.

அந்தப் பரீட்சை எப்படி இருக்கும்? குடியிருப்பு ஆய்வாளருக்கான தேசியத் தேர்வில் 60 கேள்விகள், 2 மணி நேரம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். அப்படியானால் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம், கையில் தலையணை தடிமனுக்கு விதிப் புத்தகம். எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்குத் திறந்த புத்தகமும் மூடிய புத்தகமும் ஒன்றுதான். அதனால்தான் தேர்வர்களின் புத்தக ஓரத்தில் வண்ண வண்ணமாக ஒட்டுச்சீட்டுகள் தொங்கும்.

ஒரு விதியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். படுக்கையறையில் தீ நேரத்தில் தப்பிப்பதற்கான சன்னல். திறந்தால் கிடைக்கும் அகலம் குறைந்தது 20 அங்குலம், உயரம் குறைந்தது 24 அங்குலம், பரப்பு குறைந்தது 5.7 சதுர அடி. திறப்பின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. புதிதாக வந்தவர் டேப்பை வைக்கிறார். அகலம் 20, சரி. உயரம் 24, சரி. கையெழுத்துப் போடப் போகிறார். 20-ஐ 24-ஆல் பெருக்கினால் 480 சதுர அங்குலம், அதாவது 3.33 சதுர அடி. தேவை 5.7. இரண்டு குறைந்தபட்சமும் ஒரே சன்னலில் வந்தால் அந்தச் சன்னல் தேறாது! அகலம் 20 என்றால் உயரம் 41-ஐத் தாண்ட வேண்டும். உயரம் 24 என்றால் அகலம் 34-ஐத் தாண்ட வேண்டும். (தரைமட்டத்துச் சன்னலுக்கு 5 சதுர அடி போதும் என்று விலக்கு உண்டு. அதற்கும் 3.33 எட்டாது.) ஏன் இத்தனை கறார்? உள்ளே இருப்பவர் வெளியே குதித்தால் மட்டும் போதாது, முதுகில் காற்றுருளை கட்டிய தீயணைப்பு வீரர் உள்ளே ஏறி வரவும் வேண்டும். எண்ணை மனப்பாடம் செய்தவர் இங்கே தோற்பார். அந்த உருளையை மனக்கண்ணில் பார்த்தவர் தோற்க மாட்டார்.

‘முதன்மை வேலைக்கு நெருங்கிய’: மின்சாரம் பார்ப்பவர் குழாய்ச் சான்றை நீட்டக் கூடாது என்பது வெளிப்பொருள். இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. தேசிய மாதிரி விதியில் வீட்டு மாடத்தின் கைப்பிடித் தடுப்பு 36 அங்குலம் இருந்தால் போதும். கலிஃபோர்னியா தன் விதியில் அதை 42 ஆக்கிவைத்திருக்கிறது. கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலக் கோளம் நுழையக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது. தேசியப் புத்தகத்தை வைத்துப் படித்துத் தேறியவர் வேலைக்குப் போன இடத்தில் 36-ஐ மறந்துவிட்டு 42 என்று அளக்க வேண்டும். சான்று ஒரு நூலில், வேலை இன்னொரு நூலில். கலிஃபோர்னியாவுக்கெனத் தனித் தேர்வுகளும் வைக்கப்படுவதன் அருமை இங்கே தெரியும்.

*சட்டம் வந்தபோது ஏற்கெனவே ஈராண்டு பணியில் இருந்தவருக்குச் சான்று கட்டாயமில்லை.*

இது புறனடை. எந்த ஊரிலும் புதுச் சட்டம் பழைய ஆளைத் தொட்டால் சட்டம்தான் நிற்காது. அந்தத் தலைமுறை இந்நேரம் ஓய்வு பெற்றிருக்கும்.

*மூன்றாண்டுக்கு ஒருமுறை குறைந்தது 45 மணி நேரத் தொடர்கல்வி. அதில் 8 மணி நேரம் மாற்றுத்திறனாளிகள் அணுகல் பற்றியது.*

மூன்றாண்டு என்பது கண்ணை மூடிக்கொண்டு வைத்த கணக்கில்லை. மாநிலத்தின் கட்டட விதித் தொகுப்பான டைட்டில் 24 மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2022 பதிப்பு 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது, 2025 பதிப்பு 2026 ஜனவரி முதல் நாள். விதி மாறும் வேகத்தில் ஆளும் மாற வேண்டும்.

அந்த 8 மணி நேரம் பின்னால் சேர்ந்தது. வாசல்படி அரை அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது, சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவைத் தாண்டக் கூடாது என்பவை நடந்து போகிறவன் காலுக்குத் தெரியாத அளவுகள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அதுதான் ஊரே. கண்ணால் பார்த்து இவற்றைப் பிடிக்க முடியாது, அளந்தே தீர வேண்டும் என்பதால் தனியாக மணிக்கணக்கு ஒதுக்கினார்கள் என்பது என் ஊகம்.

*சான்று, புதுப்பிப்பு, தொடர்கல்விச் செலவு ஊராட்சியைச் சேரும். அதை ஆய்வுக் கட்டணத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம், உண்மைச் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது.*

வீடு கட்டுகிறவர் பர்மிட்டுக்குக் கட்டும் பணத்தில்தான் ஆய்வாளர் படிக்கிறார். நியாயமான ஏற்பாடு.

இத்துடன் இந்த நூல் முடிகிறது. ஆனால் கையெழுத்து என்றால் என்ன என்பதை இது சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அதே மாநிலத்தின் இன்னொரு சட்டத்துக்குப் போக வேண்டும்.

1933 மார்ச் 10, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் லாங் பீச்சில் நிலம் நடுங்கியது. செங்கல் கட்டடப் பள்ளிகள் வரிசையாகச் சரிந்தன. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். சில மணி நேரம் முன்பு நடந்திருந்தால் என்ற நினைப்பே அந்த மாநிலத்தை உலுக்கிவிட்டது. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10-இல், சட்டமன்ற உறுப்பினர் டான் ஃபீல்டின் பெயரால் பள்ளிக் கட்டடச் சட்டம் வந்தது. அரசுப் பள்ளி கட்டும் இடத்தில், மாநிலக் கட்டடக் கலைஞர் பிரிவு ஒப்புதல் தந்த ஆய்வாளர் ஒருவர் தொடர்ந்து இருந்தாக வேண்டும். இவருக்கான பரீட்சையை அந்தப் பிரிவே நடத்துகிறது. வகுப்பு 1 முதல் 4 வரை படிகள் உண்டு, பெரிய கட்டடத்துக்கு மேல் வகுப்பு. சம்பளம் பள்ளி மாவட்டம் தருவது. இவர் காலந்தோறும் தரும் அறிக்கையில் ஒரு தொடர் வருகிறது. கல்விச் சட்டம் அதற்குத் தானே இலக்கணமும் சொல்கிறது:

*ஆய்வாளரின் ‘நேரறிவு’ என்பது, கட்டுமான இடத்தில் எல்லாக் கட்டங்களிலும் தொடர்ந்து தாமே ஆய்ந்து பெற்ற அறிவு. இடத்துக்கு வெளியே நடந்த வேலையானால், பொருள்களைச் சோதித்தவர் தந்த அறிக்கையால் பெற்ற அறிவு.*

சைவ சித்தாந்தம் படித்தவருக்கு இது புதிதல்ல. காண்டல், கருதல், உரை என்று அறிவுக்கு மூன்று அளவைகள். சட்டம் ஆய்வாளருக்குக் காண்டலை முதலில் தருகிறது. கம்பி கட்டியதை அவர் கண்டிருக்க வேண்டும். தொலைவில் இருக்கும் ஆலையில் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்தார்கள், ஆய்வகத்தில் கான்கிரீட் உருளையை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்த்தார்கள் என்றால் அதற்கு உரையளவை, தகுந்தவர் சொன்ன சொல். நடுவில் இருக்கும் கருதலைச் சட்டம் விட்டுவிட்டது. ‘கீழ்த்தளத்தில் ஒழுங்காகக் கட்டினார்களே, மேல்தளத்திலும் கட்டியிருப்பார்கள்’ என்று எழுத அவருக்கு உரிமை இல்லை. புகையைக் கண்டு நெருப்பு என்று சொல்லக் கூடாத ஒரே உத்தியோகம் இதுவாகத்தான் இருக்கும்.

கட்டடக் கலைஞருக்கும் இதே சொல் உண்டு, ஆனால் அவருடைய நேரறிவு பொதுவான மேற்பார்வையால் வருவது. ஒரே சொல், ஆளுக்கு ஆள் பொருள் வேறு. அறிக்கையில் பொய் எழுதினால் அது பெருங்குற்றம். மேலே முடிந்து வைக்கச் சொன்ன ‘சரிபார்க்கத்தக்க’ என்பதை இங்கே அவிழ்க்கலாம். வேலைக்கு வருமுன் தான் செய்ததை இன்னொருவர் சரிபார்க்கும்படி வைத்திருந்தவர், வேலைக்கு வந்தபின் இன்னொருவர் செய்ததைச் சரிபார்த்தேன் என்று சொல்லப் போகிறார். இரண்டு இடத்திலும் கேட்பது சாட்சியம்தான்.

சரி, கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காண்பது? இதற்கு விதியின் விடை, மூடுமுன் பார் என்பதுதான். குழாயும் ஒயரும் சுவருக்குள் ஓடியபின், ஜிப்சம் பலகை அடிப்பதற்கு முன். கம்பி கட்டியபின், கான்கிரீட்டுக்கு முன். ஒவ்வொரு கட்டத்துக்கும் கட்டுமான இடத்தில் தொங்கும் அட்டையில் ஒரு கையெழுத்து. அது விழாமல் மூடினால், பிரித்துக் காட்டச் சொல்ல ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் மூடியபின் உள்ளே நுழைகிற ஈரத்துக்கு எந்த அட்டையும் கிடையாது. 2015 ஜூன் 16 நள்ளிரவு கழிந்ததும், பெர்க்லியில் ஓர் அடுக்ககத்தின் ஐந்தாம் மாடி மாடம் முறிந்து தொங்கியது. ஒரு பிறந்தநாள் விருந்துக்கு வந்த ஆறு இளைஞர்கள் இறந்தார்கள், ஐவர் அயர்லாந்திலிருந்து வந்த மாணவர்கள். கட்டடத்துக்கு வயது பத்துகூட ஆகவில்லை. மாடத்தைத் தாங்கிய மரச்சட்டங்கள் உள்ளுக்குள் உளுத்திருந்தன.

2018-இல் அதற்கும் ஒரு சட்டம் வந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட வாடகை அடுக்ககங்களில் மரம் தாங்கும் மாடங்களை ஆறாண்டுக்கு ஒருமுறை, வகைக்கு 15 விழுக்காடு என்று எடுத்து ஆய வேண்டும். யார் ஆயலாம் என்ற வரிசையில் பொறியாளர், கட்டடக் கலைஞர், அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் ஆகியோரோடு, நாம் மேலே கண்ட சங்கச் சான்று பெற்ற கட்டட ஆய்வாளரும் இருக்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: அந்த வேலையைச் செய்யும்போது அவர் அந்த ஊராட்சியின் ஊழியராக இருக்கக் கூடாது.